இருபது நாள் வற்றினால் ஒரு மீன் இனமே போய்விடுமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வரும். சீனாவில் யீலோங் என்ற ஏரி 1981-இல் சுமார் 20 நாள் வற்றிக் கிடந்தது, அந்த ஏரியில் மட்டுமே வாழ்ந்த ஒரு கெண்டை இனம் அதோடு உலகத்திலிருந்தே மறைந்துவிட்டது என்று எங்கோ படித்திருக்கிறீர்கள். உங்கள் ஊர் தேரூர்ப் பக்கம். அங்கே குளம் பங்குனி, சித்திரையில் மாடு மேய்கிற அளவுக்குக் காய்கிறது. ஜூனில் சானல் தண்ணீர் ஏறிய கொஞ்ச நாளில் மறுபடியும் மீன் துள்ளுகிறது. "ரெண்டு மாசம் காய்ந்த குளத்திலேயே மீன் திரும்பி வரும்போது, வெறும் இருபது நாளில் ஒரு இனம் எப்படி அழியும்? செய்தியை ஊதிப் பெருக்கியிருக்கிறார்களா?" என்பது உங்கள் சந்தேகம். கடைசியில் தாத்தா சொன்ன ஒரு மீனைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வாலுக்குப் பக்கத்தில் கறுப்புப் பொட்டு, முதுகுத் துடுப்பில் நூல் நூலாகத் தொங்கும், இப்போது குளத்தில் காணோம், அதுவும் அழிந்துவிட்டதா என்று. இதற்கெல்லாம் அடியில் இருப்பது ஒரே கேள்வி: வற்றிய குளத்துக்கு மீன் எங்கிருந்து வருகிறது? அது தெரிந்தால் யீலோங்கில் நடந்ததும் புரிந்துவிடும்.

நான் கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன். நன்னீர் மீன்தான் என் துறை. குமரி மாவட்டத்துக் குளம், சானல், மலையோடை எல்லாவற்றிலும் மாணவர்களோடு இறங்கி வலை போட்டிருக்கிறேன். அதனால் நம் ஊரைப் பற்றி நான் சொல்வது பெரும்பாலும் கண்ணால் கண்டது. சீனா, ஜப்பான், பிலிப்பைன்ஸ் விஷயங்கள் படித்துத் தெரிந்துகொண்டவை. இரண்டையும் ஒரே எடையில் வைத்துப் படிக்க வேண்டாம்.

முதலில் அந்தச் செய்தி. அது உண்மைதான். யீலோங் ஏரி தென்மேற்குச் சீனாவில் யுன்னான் மாகாணத்தில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பரப்பு பெரிது, ஆழம் குறைவு. அங்கே வாழ்ந்த கெண்டையின் அறிவியல் பெயர் சிப்ரினஸ் யீலோங்கென்சிஸ். நம் மீன் பண்ணைகளில் வளர்க்கிற சாதாக் கெண்டையின் பேரினத்தைச் சேர்ந்தது, பங்காளி முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அறிவியல் உலகம் அதற்குப் பெயர் வைத்ததே 1977-இல்தான். நாலே வருஷத்தில் ஏரி வற்றியது, பாசனத்துக்குத் தண்ணீரை உறிஞ்சி எடுத்ததால். அதற்குப் பிறகு அந்த மீனை யாரும் பார்க்கவில்லை. அதே ஏரியை மட்டும் நம்பியிருந்த அனபாரிலியஸ் மேக்ரோலெபிஸ் என்ற இன்னொரு வெள்ளி நிற மீனும் கூடவே போய்விட்டது. இரண்டையும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல் 'அழிந்துவிட்டது' என்ற வகையில் வைத்திருக்கிறது.

ஆனால் "இருபது நாளில் அழிந்தது" என்று சொல்லும்போது கதையின் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்த மாதிரி ஆகிவிடுகிறது. அதற்கு முன்பே பல வருஷமாக ஏரியைச் சுருக்கி விளைநிலமாக்கியிருந்தார்கள். வெளியூர் மீன்களைக் கொண்டுவந்து விடுவது யுன்னான் ஏரிகள் பலவற்றில் 1950கள், 60களிலேயே தொடங்கிவிட்டது. ஆக, அந்த இருபது நாளைச் சந்தித்தபோது அந்த மீன் ஏற்கெனவே நோஞ்சானாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். ஏரி வற்றியதும், அதன்பின் மீன் அகப்படாததும் உறுதி. முன்பு எத்தனை இருந்தன, வற்றாமல் இருந்தால் இன்னும் எத்தனை காலம் தாக்குப்பிடித்திருக்கும் என்பதெல்லாம் ஊகத்தின் பக்கம் போய்விடும்.

சரி, நம் குளத்துக்கு வருவோம். வற்றிய குளத்தில் திரும்பத் தோன்றும் மீன்கள் எல்லாம் ஒரே வழியில் வருவதில்லை. ஒரு கூட்டம் எங்கேயும் போவதே இல்லை. விரால், பனையேறிக் கெண்டை, தேளி இந்த மூன்றும் அந்தக் கூட்டத்தில் முக்கியமானவை. இவற்றுக்குச் செவுள் போக, காற்றை நேராகச் சுவாசிக்கத் தனி உறுப்பு இருக்கிறது. விராலுக்கும் பனையேறிக்கும் காற்று கட்டாயம். மேலே வரவிடாமல் தண்ணீருக்குள்ளேயே அமுக்கி வைத்தால் மீன் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். தண்ணீர் இறங்க இறங்க விரால் சேற்றுக்குள் தலையை விட்டு நுழைந்துவிடும். மேல் சேறு பாளம் பாளமாக வெடித்து, மிதித்தால் நொறுங்குகிற பக்குவத்தில் இருக்கும்போதும், அரை முழம் தோண்டினால் அடியில் களி மாதிரி ஈரம் இருக்கும். மீன் இருக்கிற இடத்தில் மேலே விரல் நுழைகிற அளவுக்கு ஒரு துளை, அதன் விளிம்பு மட்டும் மற்ற இடத்தைவிட வழவழப்பாக. பழகிய ஆள் அதைப் பார்த்துத்தான் மண்வெட்டியைப் போடுவார். வெளியே எடுத்தால் உடம்பெல்லாம் கோழை பூசின மாதிரி வழுக்கும். தோல் காயாத வரைக்கும் அது பிழைத்துக்கிடக்கும். அயிரையும் ஈர மணலில் புதைந்து கொஞ்ச நாள் சமாளிக்கும், ஆனால் விரால் அளவுக்குத் தாங்காது.

மற்றக் கூட்டம் குளத்திலேயே கிடந்து பிழைக்கிற சாதி இல்லை. பொடிக் கெண்டை, உளுவை, கெளுத்தி எல்லாம் கடைசிக் குட்டை வற்றும்போது கொக்குக்கும் நாரைக்கும், ஊத்தாக்கூடையோடு இறங்குகிற ஆளுக்கும் இரையாகி முடிந்துவிடும். அடுத்த மாசம் நீங்கள் பார்ப்பது வேறு மீன், வெளியிலிருந்து வந்தது. நம் மாவட்டத்தில் இரண்டாயிரத்துக்கும் மேல் குளம் என்று கணக்குச் சொல்வார்கள். அதில் பெரும்பாலானவை தனித்தனியாக இல்லை. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு அணைகளிலிருந்து கன்னிப்பூ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்தால் அது சானல் வழியாகக் குளம், மிச்சத் தண்ணீர் வழிகிற குளத்து மறுகால் வழியாகக் கீழ்க்குளம், அங்கிருந்து பழையாறு, கடைசியில் கடலில் சேர்கிற மணக்குடிப் பொழி என்று ஓடும். ஏதாவது ஒரு பள்ளத்தில், ஒரு சானல் மடுவில், ஆற்றுக் கசத்தில் கோடையிலும் தண்ணீர் கிடக்கும். அங்கே பிழைத்த கெண்டைதான் புதுத்தண்ணீரை எதிர்த்து ஏறி உங்கள் குளத்துக்கு வருகிறது. தண்ணீர் திறந்த முதல் வாரம் மடை வாயில் நின்று பாருங்கள். கலங்கல் தண்ணீர் கொட்டுகிற இடத்தில் விரல் நீளக் கெண்டைகள் கூட்டமாக மேலே தாவும், பாதி கல்லில் அடித்துக் கீழே விழும், மறுபடி தாவும். பெண் மீனைப் பிடித்து வயிற்றை லேசாக அழுத்தினால் முட்டை வரும். அவை குளத்துக்கு வருவதே முட்டையிடத்தான்.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு, அது மனுஷன். குளத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு வாங்கி விடுகிறார். குஞ்சுப் பொட்டலத்தில் கேட்காத மீனும் ரெண்டு சேர்ந்து வரும். நீங்கள் குளத்தில் பார்க்கிற 'மறுபடி வந்த மீனில்' இப்படி வந்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள்.

இங்கே ஊரில் எல்லோரும் நம்புகிற இரண்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, மீன் முட்டை காய்ந்த சேற்றுக்குள் வருஷக்கணக்கில் உறங்கி, மழை பட்டதும் பொரிக்கும் என்பது. ஆப்பிரிக்காவில் நோத்தோபிராங்கியஸ் என்ற சின்ன மீன் அப்படியே செய்கிறது. மழைக்குட்டையில் பிறந்து, சில மாசத்தில் முட்டையிட்டுச் செத்துப்போகும். முட்டை மட்டும் காய்ந்த மண்ணில் அடுத்த மழை வரைக்கும் காத்திருக்கும். நம் குளத்துக் கெண்டைக்கும் விராலுக்கும் அந்த வித்தை கிடையாது. அவற்றின் முட்டை சில நாளில் பொரித்தாக வேண்டும், காய்ந்தால் முடிந்தது. இன்னொன்று, கொக்கும் தாராவும் காலில் முட்டையை ஒட்டிக்கொண்டு வரும் என்பது. இது பாடப்புத்தகம் வரைக்கும் போன நம்பிக்கை. காலில் ஒட்டி வருவதற்கு நல்ல ஆதாரம் இன்றுவரை கம்மி. ஆனால் 2020-இல் ஹங்கேரியில் ஒரு சோதனை செய்தார்கள். கெண்டை முட்டையைக் காட்டு வாத்துக்குத் தின்னக் கொடுத்து, எச்சத்தில் தேடினார்கள். ஆயிரத்தில் ஒன்றோ இரண்டோ சிதையாமல் வெளியே வந்தது, அதிலும் சில பொரித்தன. ஆக, பறவை வயிறு வழியாக மீன் பரவுவது நடக்கவே நடக்காது என்று சொல்ல முடியாது. ஆனால் தேரூர்க் குளம் வருஷா வருஷம் நிறைவதற்கு அது காரணம் என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சானலும் மறுகாலும் கண்ணுக்கு முன்னால் இருக்கும்போது வாத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை.

இப்போது யீலோங்குக்குத் திரும்புங்கள். அந்தக் கெண்டைக்குச் சேற்றில் புதைந்து காற்றைக் குடிக்கிற வசதி இல்லை. அதன் முட்டைக்குக் காய்வதைத் தாங்கும் சக்தி இல்லை. அதோடு, அந்த ஏரியைத் தவிர உலகத்தில் வேறு எங்கும் அந்த இனம் கிடையாது. உங்கள் குளத்துக்கு மேலே ஒரு குளம் இருக்கிறது, அதற்கு மேலே சானல், சானலுக்கு மேலே அணை. அந்த மீனுக்கு மேல்குளம் இல்லை. இருபத்தொன்றாம் நாள் தண்ணீர் வந்தது, ஏரி நிறைந்தது, வரைபடத்தில் அதே நீல நிறம். மீன் வருவதற்கு மட்டும் எங்கேயும் மிச்சமில்லை. நாள்கணக்கை வைத்து இதைப் பார்த்தால் புரியாது. உங்கள் குளம் ஆறு மாசம் காய்ந்தாலும் கெண்டை இனம் அழியாது, யீலோங் ஒரு வாரம் முழுசாகக் காய்ந்திருந்தாலும் அதே கதிதான்.

இதற்கு நேர் எதிரான ஒரு கதை ஜப்பானில் உண்டு. அங்கே தசாவா என்று ஓர் ஏரி. 423 மீட்டர் ஆழம், அந்த நாட்டிலேயே ஆழமானது. அதில் குனிமாசு என்ற சால்மன் வகை மீன் அந்த ஏரியில் மட்டும் இருந்தது. 1940-இல் மின்சார உற்பத்திக்காகவும் பாசனத்துக்காகவும் பக்கத்துத் தமா ஆற்றை ஏரிக்குள் திருப்பினார்கள். அந்த ஆற்றில் வெந்நீர் ஊற்றிலிருந்து வருகிற கடும் அமிலம் கலந்திருந்தது. சில வருஷத்துக்குள் ஏரி மீன்களுக்கு ஆகாததாகிவிட்டது, குனிமாசு முடிந்தது. ஏரி ஒரு சொட்டும் வற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். எழுபது வருஷம் அழிந்த மீன் என்றே பாடத்தில் இருந்தது. ஆனால் 1935-இல், அதாவது அமிலம் வருவதற்கு ஐந்து வருஷம் முன்னால், அந்த மீனின் முட்டை ஒரு லட்சத்தை ஃபுஜி மலை அடிவாரத்து சாய்கோ ஏரிக்குக் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2010-இல் மீன் ஓவியங்களுக்குப் பேர்போன ஒருவர் குனிமாசுவை வரைய வேண்டி, மாதிரிக்காக அதன் நெருங்கிய சொந்தமான மீனை சாய்கோவிலிருந்து வரவழைத்தார். வந்ததில் சில கறுப்பாக இருந்தன. கியோட்டோ பல்கலைக்கழகத்தில் காட்ட, அது குனிமாசு என்று உறுதியானது. சாய்கோ மீனவர்கள் அதைக் கறுப்பு மீன் என்று சொல்லிப் பிடித்துத் தின்றுகொண்டிருந்தார்கள்! 2013-இல் ஜப்பான் அரசு அதை 'அழிந்தது' பட்டியலிலிருந்து 'இயல்பான இடத்தில் அழிந்தது' என்ற பட்டியலுக்கு மாற்றியது. தசாவா ஏரியில் அமிலத்தை நடுநிலையாக்க ஆலை வைத்தும் தண்ணீர் இன்னும் முழுதாகத் தேறவில்லை, அதனால் மீன் ஊர் திரும்பவில்லை. குனிமாசுவுக்குத் தற்செயலாக ஒரு மேல்குளம் கிடைத்தது, யீலோங் கெண்டைக்குக் கிடைக்கவில்லை.

அப்படியானால் நம் மாவட்டத்தில் ஒரே குளத்தில் மட்டும் வாழ்கிற மீன் உண்டா? குளத்தில் இருக்க வாய்ப்பே கிடையாது என்று தைரியமாகச் சொல்லலாம். நம் குளங்கள் எல்லாம் மனுஷன் வெட்டி, கரை போட்டுக் கட்டியவை. எவ்வளவு பழசு என்றாலும் நூற்றாண்டுக் கணக்குதான், தனி இனம் உருவாக அது போதாது. (இனம் உருவாக எத்தனை காலம் வேண்டும் என்பதே ஒரு பெரிய சண்டை. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரி சுமார் 15,000 வருஷத்துக்கு முன்னால் முழுக்கக் காய்ந்து கிடந்ததாக அடிமண் படிவுகள் சொல்கின்றன. ஆனால் அங்கே ஏரிக்கே உரிய சிச்லிட் மீன்கள் ஏறக்குறைய 500 இனம். இத்தனையும் அதற்குப் பிறகு பிறந்தவையா, இல்லை ஓரத்து நீர்நிலைகளில் தப்பித்த பழைய கூட்டமா என்று இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஆயிரக்கணக்கான வருஷம் வேண்டும்.) 2022-இல் சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் நீர்நிலைகள் உலகளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது நல்ல விஷயம். ஆனால் அங்கே இருக்கிற மீன்கள் பெரும்பாலும் தென்னிந்தியா முழுக்க இருக்கிறவை. அந்த இடத்தின் பெருமை பறவைகளால்.

நீங்கள் கவலைப்பட வேண்டுமென்றால் குளத்தை விட்டு வடக்கு, வடமேற்காக மலையைப் பாருங்கள். ஒரே ஏரி மீனுக்கு இணையான நிலையில் நம்மிடம் இருப்பவை மலையோடை மீன்கள். டாக்கின்சியா ரோகானி என்ற கெண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 2010-இல்தான் குமரி மாவட்ட மலைப்பகுதியிலிருந்து புது இனம் என்று விவரித்தார்கள். அப்போது புன்டியஸ் பேரினத்தில் வைத்திருந்தார்கள், பிறகு பெயர் மாறியது. தெளிந்த, ஓடுகிற, கல் நிறைந்த தண்ணீர் அதற்கு வேண்டும். குளத்துக் கலங்கலில் நிற்காது. வடக்கே போனால் பெரியாற்றில் லெபிடோபைகோப்சிஸ் டைபஸ் இருக்கிறது. மலையாளத்தில் பிராமணக் கெண்டை என்பார்கள். 1941-இல் விவரிக்கப்பட்டது. முல்லைப் பெரியாறு நீர்த்தேக்கமும் அதற்கு மேலுள்ள ஓடைகளும்தான் அதன் மொத்த உலகம். இப்படிப்பட்ட மீனுக்கு ஓர் ஓடையில் வெடி போட்டாலும், பூச்சிமருந்து கலந்தாலும், கோடையில் தோட்டத்துக்கு மோட்டார் வைத்து மடுவை இறைத்தாலும் ஈடுகட்ட வேறு கூட்டம் கிடையாது. பக்கத்து ஓடையிலிருந்து வரலாமே என்பீர்கள். இடையில் அணை நிற்கிறது. பேச்சிப்பாறை 1906-இலிருந்து இருக்கிறது. அதற்கு மேலே தங்கிய மீன் கீழே விழலாம், கீழே இருப்பது மேலே ஏற முடியாது.

வற்றுவதைவிட எனக்குப் பயம் தருவது வந்தேறி மீன். பிலிப்பைன்ஸில் மிண்டனாவோ தீவில் லனாவ் என்று ஓர் ஏரி இருக்கிறது. அந்த ஏரிக்கும் அதிலிருந்து வெளியேறும் ஆற்றுக்கும் மட்டும் உரியவை 17 மீன் இனம். 1920களில் அவற்றை விவரித்தபோது, ஒரே ஏரியில் இத்தனை கெண்டை வகையா என்று உலகமே வாய் பிளந்தது. 2020 டிசம்பரில் அவற்றில் 15 அழிந்துவிட்டன என்று சிவப்புப் பட்டியல் அறிவித்தது, மிச்சம் இரண்டும் அழிவின் விளிம்பில். ஏரி இன்றைக்கும் நிறைந்துதான் கிடக்கிறது. வெளியிலிருந்து வந்து சேர்ந்த இரைதின்னி மீன்கள் முதல் காரணம், கண்டபடி பிடித்தது அடுத்தது. அப்படி வந்து சேர்ந்தவை எவை என்று ஆய்வாளர்கள் குறிப்பிடுகிற பட்டியலில் நம் ஊர் உளுவையும் விராலும் இருக்கின்றன. இங்கே நாம் குழம்பு வைக்கிற அதே மீன்தான். நம் குளத்தில் அவை பிறந்து வளர்ந்தவை, மற்ற மீன்களுக்கு அவற்றிடமிருந்து தப்பிக்கத் தெரியும். லனாவ் கெண்டைகளுக்கு அந்தப் பழக்கமே கிடையாது.

அதே போல நமக்கு வந்து சேர்ந்தது ஜிலேபி மீன், அதாவது திலாப்பியா. 1952-இல் இந்தியாவுக்குள் கொண்டுவந்தார்கள். வாயிலேயே முட்டையை அடைகாக்கும், வருஷத்தில் பல தடவை குஞ்சு பொரிக்கும், கலங்கல், உப்பு எதற்கும் அசராது. வற்றி நிறைகிற குளத்தில் முதலில் இடம்பிடிப்பது அதுதான். ஆப்பிரிக்கக் கெளுத்தி அதைவிட மோசம். 2000-இலேயே மத்திய அரசு தடை விதித்தும் திருட்டுத்தனமாக வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். மழையில் பண்ணைக் கரை உடைந்தால் அது நேரே சானலுக்குத்தான் வரும், சானலில் வந்தால் எல்லாக் குளத்துக்கும் வந்த மாதிரி. உங்கள் குளத்துக்கு மீனைக் கொண்டுவருகிற அதே வாய்க்கால் இதையும் கொண்டுவரும்.

'அழிந்தது' என்ற முத்திரையை எப்போது குத்துகிறார்கள் என்பதும் உங்கள் சந்தேகத்தோடு சேர்ந்தது. முன்பு ஐம்பது வருஷம் கண்ணில் படாவிட்டால் அழிந்தது என்று ஒரு விதி இருந்தது. 1990களில் அதை எடுத்துவிட்டார்கள். கடைசி மீனும் செத்துவிட்டது என்பதில் நியாயமான சந்தேகம் இருக்கக் கூடாது, இருக்கக்கூடிய இடமெல்லாம், சரியான பருவத்தில், சரியான வலை போட்டுத் தேடியிருக்க வேண்டும் என்பதே இப்போதைய நிபந்தனை. இதிலும் சறுக்கல் நடக்கும். ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா மூன்றும் பங்குபோடுகிற கான்ஸ்டன்ஸ் ஏரியில் ஆழ்நீர்ச் சார் என்ற மீனை 2008-இல் அழிந்ததாக அறிவித்தார்கள். சில வருஷம் கழித்து ஆழத்தில் வலை இறக்கித் தேடியபோது அது அங்கேயேதான் இருந்தது. மேல்தண்ணீரில் தேடிவிட்டு இல்லை என்று சொன்ன கதை. யீலோங் விஷயத்தில் அப்படி ஓர் இன்ப அதிர்ச்சி வருமா? ஆழமில்லாத ஏரி, அடிவரைக்கும் காய்ந்தது. ஒளிந்துகொள்ள இடமில்லை. யாராவது முன்னாடியே வேறு குட்டையில் கொண்டுபோய் விட்டிருந்தால் உண்டு. நான் அதில் நம்பிக்கை வைக்க மாட்டேன். இன்னொன்று, செய்தியில் "2020-இல் மட்டும் 16 நன்னீர் மீன்கள் அழிந்தன" என்று வரும். அந்த வருஷம் அறிவிக்கப்பட்டவை என்றுதான் படிக்க வேண்டும். போனது எப்போதோ போய்விட்டது.

ஒரு குளத்தில் காணாமல் போவதும் இனமே அழிவதும் ஒன்றாகாது. மணிப்பூரில் பெங்பா என்று ஒரு மீன், அந்த மாநிலத்தின் அடையாள மீன். மியான்மரின் சிந்த்வின் ஆற்றுப் பக்கமிருந்து லோக்தாக் ஏரிக்கு முட்டையிட ஏறி வரும். 1983-இல் இத்தாய் தடுப்பணை கட்டியதும் வழி அடைபட்டது, ஏரியில் அந்த மீன் இயற்கையாக இல்லாமல் போயிற்று. ஆனால் இனம் சாகவில்லை. மியான்மரில் இருக்கிறது, மணிப்பூரிலேயே பண்ணைகளில் வளர்க்கிறார்கள், சந்தையிலும் கிடைக்கிறது. நம் குளங்களுக்கு வரக்கூடிய ஆபத்து இந்த மாதிரியானது. சானலுக்குக் கான்கிரீட் போட்டு அடிமணலும் மடுவும் இல்லாமல் செய்தால் கோடையில் மீன் தங்க இடமில்லை. மறுகாலை மண் போட்டு அடைத்து வீடு கட்டினால் ஏறி வர வழியில்லை. அந்தக் குளத்துக்கு விலைக்கு வாங்கி விட்ட குஞ்சு மட்டும்தான் மிஞ்சும்.

இனி தாத்தாவின் மீன். நீங்கள் சொன்ன அடையாளம் டாக்கின்சியா ஃபிலமென்டோசா என்ற கெண்டைக்குப் பொருந்துகிறது. வாலடிக்குச் சற்று முன்னால் கறுப்புப் பொட்டு, வளர்ந்த ஆணுக்கு முதுகுத் துடுப்பில் இழை இழையாக நீளும். பெண்ணுக்கும் குஞ்சுக்கும் அந்த இழை இருக்காது. குஞ்சுக்கு உடம்பில் பட்டை வேறு இருக்கும், அதனால் வேறு மீன் என்று ஏமாறுவோம். அந்த இனம் அழியவில்லை. குமரி, கேரளப் பக்கத்தில் ஓடுகிற தண்ணீரில் இன்றைக்கும் அகப்படுகிறது, அலங்கார மீனாக வெளிநாட்டுத் தொட்டி வரைக்கும் போயிருக்கிறது. உங்கள் குளத்தில் காணவில்லை என்றால் தேடுகிற இடத்தை மாற்றிப் பாருங்கள். ஜூன் கடைசி, ஜூலையில், குளத்துக்குள் போகாமல், தண்ணீர் உள்ளே விழுகிற மடைப் பக்கம், மேலே சானலில் மண் அடி இருக்கிற இடம். ஜிலேபி மண்டிய குளத்தில் அது குறைந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன். காரணம் ஜிலேபி மட்டும்தான் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

பெயரை நான் உறுதி செய்ய வேண்டுமென்றால் படம் வேண்டும். மீனை ஈரக் கையில் பிடித்து, இடது பக்கம் தெரிகிற மாதிரி, முதுகுத் துடுப்பை ஈர்க்குச்சியால் விரித்து ஒரு படம். பொட்டும் அதைச் சுற்றியுள்ள செதில்களும் தெரியும்படி கிட்டத்தில் இன்னொன்று. பக்கத்தில் ஓர் அளவுகோல் வையுங்கள். எந்தக் குளம், எந்த மாதம், தண்ணீர் ஓடினதா நின்றதா என்று எழுதிவிட்டு மீனை அங்கேயே விட்டுவிடலாம். தாத்தாவிடம் இன்னொன்றும் கேளுங்கள்: அந்த மீனை அவர் குளத்தில் வலை போட்டுப் பிடித்தாரா, மடையில் கூடை வைத்துப் பிடித்தாரா? மடை என்று சொன்னால், அந்தக் காலத்திலும் அது குளத்து மீனாக இருந்திருக்காது, ஏறி வந்த மீனாகத்தான் இருக்கும். அப்படியானால் முதலில் பார்க்க வேண்டியது உங்கள் குளத்துக்கு வருகிற வாய்க்காலை.